ஆயர் இல்லாத ஏழு மாதங்களும் "உங்கள்" என்ற ஒரு சொல்லும்

ஜன்னலோர மூன்றாம் பெஞ்சு (ஞாயிறு, இரவு 8.40)

இம்மாதச் சபை மடலின் நான்காம் பக்கத்தில், "ஆயர் இல்லாத ஏழு மாதங்களிலும் நம் ஆராதனை ஒழுங்கில் இம்மியளவும் குறை நேரவில்லை" என்று ஒரு பெருமகனார் எழுதியிருப்பதை வாசித்த பிறகு எனக்கு இரவு உணவு இறங்கவில்லை. எழுதியவர் பெயரைப் போடவில்லை. போடாவிட்டாலும் நடை காட்டிக்கொடுக்கிறது.

நடந்தது இதுதான். பழைய ஆயர் ஓய்வு பெற்று ஏப்ரல் கடைசியில் குருமனையைக் காலி செய்தார். புதிய ஆயர், கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றுதான் பொறுப்பேற்றார். இடைப்பட்ட காலத்தில் பக்கத்துச் சபையின் ஆயரே நமக்கும் பொறுப்பு ஆயராக இருந்து, மாதத்தின் முதல் ஞாயிறு தம் சபை ஆராதனையை முடித்துக்கொண்டு, அங்கியை மடித்துப் பையில் வைத்து, ஸ்கூட்டரில் பதினொரு மணிக்கு வந்து திருவிருந்து நடத்திவிட்டுப் போனார். மற்ற ஞாயிறுகளை, குருப்பட்டம் பெறாமல் பிரசங்கிக்கும் நம் லே பிரீச்சர்கள் முறைவைத்து நடத்தினார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆகஸ்டு இரண்டாம் ஞாயிறு ஆராதனையின் முடிவில், குருப்பட்டம் பெறாத ஒருவர் திருப்பீடத்தின் முன் நின்று, சபையை நோக்கி வலக்கையை உயர்த்தி, "உங்கள் அனைவரோடும் இருப்பதாக" என்று ஆசீர்வாதம் கூறினார். "நம் அனைவரோடும்" என்றே அவர் கூறியிருக்க வேண்டும். அறுபத்தொரு ஆண்டுகளாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் காதுகளுக்கு இம்மி எது, மலை எது என்று தெரியும்.

ராயப்பேட்டை வெஸ்லியன் (ஞாயிறு, இரவு 9.25)

மடலில் எழுதியவன் நான்தான். பெயர் விடுபட்டது அச்சகத்தின் பிழை. அந்த ஞாயிறு ஆராதனையை நடத்தியவனும் நான்தான் என்பது மூன்றாம் பெஞ்சு ஐயாவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் "ஒருவர்" என்று எழுதுவது அவருடைய பெருந்தன்மை.

நான் "நம்" என்றே கூறினேன். கையை உயர்த்தியது உண்மை. அது ஆசீர்வாதத்திற்கு அன்று, பாடகர் குழுவுக்கு ஆமென் பாடச் சைகை காட்டுவதற்கு. இருபத்தெட்டு ஞாயிறுகளுக்கு மேல் ஆயர் இல்லாமல் நடந்த ஒரு சபையில், ஓய்வுநாள் பள்ளி ஒரு வாரமும் நிற்கவில்லை; படுக்கையில் கிடந்த முதியோர் வீடுகளுக்குப் பெண்கள் ஐக்கியத்தார் தவறாமல் போனார்கள்; காசிமேட்டில் நடந்த இரண்டு அடக்க ஆராதனைகளுக்கும் பொறுப்பு ஆயரைத் தேடிப் பிடித்து அழைத்துவந்தோம். இவற்றில் எதுவும் ஐயாவின் கண்ணில் படவில்லை. ஒரு சொல்தான் பட்டது. அதுவும் நான் கூறாத சொல்.

ஜன்னலோர மூன்றாம் பெஞ்சு (ஞாயிறு, இரவு 9.50)

நீங்கள் கூறினீர்கள்.

முதியோர் வீடுகளுக்குப் போனதைப் பற்றி நான் பேசவே இல்லை. பேசாததற்கு விடை சொல்வது தேர்வில் தெரியாத கேள்வியை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதும் மாணவனின் தந்திரம். எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் ஆசீர்வாதத்தை மொழியும்படி கட்டளை பெற்றவர்கள் ஆரோனும் அவன் குமாரரும். லேவியராகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் ஜனங்களுக்கு நேராகக் கைகளை உயர்த்தி ஆசீர்வதித்தவனும் அதே ஆரோன். வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்களைப் பற்றி அங்கே குறிப்பு ஏதும் இல்லை.

ஆங்கிலிக்க சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தை ஆக்கியவர்கள் இதை அறிந்தே செய்தார்கள். திருவிருந்தின் முடிவில் குருவானவர் சொல்லும் ஆசீர்வாதம் "உங்கள்" என்று முன்னிலையில் இருக்கிறது. காலை, மாலை ஜெபங்களின் முடிவில் வரும் கிருபை வாக்கியமோ "நம் எல்லாரோடும்" என்று தன்மையில் இருக்கிறது. ஆயர் இல்லாத ஞாயிறுகளில் நமக்கு நடந்தது காலை ஆராதனை, திருவிருந்து அன்று. ஆகவே "நம்". நீங்கள் கூறியது "உங்கள்".

ஆல்ட்டோ அக்கா (திங்கள், காலை 6.10)

ஐயா இருவருக்கும் ஸ்தோத்திரம். இதைத் தீர்த்துவைக்க அன்றைய நேரலைப் பதிவை நேற்று நள்ளிரவு வரை ஆறு முறை ஓடவிட்டுக் கேட்டேன். "பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியமும்" என்பது வரை தெளிவாகக் கேட்கிறது. அதற்கடுத்த சொல் வரும் நேரத்தில் கீபோர்டு வாசிக்கும் தம்பி மும்மடங்கு ஆமெனுக்கான சுரத்தைப் பிடித்துவிட்டார். "ங்" போன்ற ஓர் ஒலி கேட்பதாக என் மகள் சொல்கிறாள். "ம்" என்றுதான் எனக்குக் கேட்கிறது.

ஜன்னலோர மூன்றாம் பெஞ்சு (திங்கள், காலை 6.35)

"ங்" கேட்டது என்று பாடகர் குழுவின் வீட்டிலிருந்தே சாட்சி வந்துவிட்டது. நன்றி அம்மா.

மேலும், பைப் ஆர்கன் இருந்த இடத்தில் கீபோர்டை வைத்தால் இப்படித்தான் ஆகும். ஆர்கனுக்குக் காற்று நிரம்ப வேண்டும். வாசிப்பவர் பொறுமை கற்றுக்கொள்வார். பொத்தானை அமுக்கினால் ஆமென் வரும் கருவிக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

ஆல்ட்டோ அக்கா (திங்கள், காலை 7.05)

என் மகளுக்கு ஒன்பது வயது, ஐயா. அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஆர்கனைப் பழுதுபார்க்க நிதி திரட்டியபோது உங்கள் பெஞ்சிலிருந்து வந்த தொகை எவ்வளவு என்பதும் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. ஏழு மாதமும் பாடகர் குழு ஒரு ஞாயிறுகூட விடுப்பு எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு யார் நடத்துவார், எந்தப் பாட்டைக் கொடுப்பார் என்று சனிக்கிழமை இரவு வரை தெரியாமல், ஞானப்பாட்டு ஐந்தும் கீர்த்தனை ஐந்தும் தயாராக வைத்துக்கொண்டு வந்தோம். அதைப் பற்றி மடலில் ஒரு வரியும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நெல்லைப் பேரன் (திங்கள், பகல் 1.15)

மேடவாக்கத்தில் குடியிருந்தாலும் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிராமச் சபையில் வளர்ந்தவன் என்ற முறையில் உள்ளே வருகிறேன். எங்கள் ஊரில் ஒரு சேகரத்தில் பல கிராமச் சபைகள் உண்டு. குருவானவர் சேகரத்தின் தலைமை ஊரில் இருப்பார். எங்கள் ஊருக்குத் திருவிருந்துக்கு வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். மணி அடிப்பது கோயில்பிள்ளை, ஜெபம் நடத்துவது உபதேசியார். "ஆயர் இல்லாத காலம்" என்று தனியாக ஒன்று இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றியதில்லை. சென்னைக்காரர்கள் ஏழு மாதத்திற்கே இவ்வளவு கலங்குவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு வந்திறங்கியது 1706-இல். ஆரோன் என்ற தமிழ் உபதேசியார் குருப்பட்டம் பெற்றது 1733-இல். இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளும் குருப்பட்டம் பெற்ற தமிழர் ஒருவரும் நம் சீர்திருத்தச் சபையில் இல்லை. ஊர் ஊராகப் போய் ஜெபம் நடத்தியவர்கள் பட்டம் பெறாத உபதேசியார்கள். அவர்கள் ஜெபத்தின் முடிவில் "உங்கள்" என்றார்களா, "நம்" என்றார்களா என்று எவரும் கணக்கு வைத்ததாகத் தெரியவில்லை.

ஜன்னலோர மூன்றாம் பெஞ்சு (திங்கள், பகல் 2.00)

நெல்லைப் பேரன் தம்பி தம்மை அறியாமலேயே என் பக்கம் வந்து நின்றிருக்கிறார். உபதேசியாராக இருந்த ஆரோனுக்கு 1733-இல் கைகளை வைத்துக் குருப்பட்டம் கொடுத்தார்களே, எதற்காகக் கொடுத்தார்கள்? முன்பு செய்ய இயலாத ஏதோ ஒன்றை அதன்பின் அவர் செய்ய இயலும் என்பதற்காகத்தானே? பட்டம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே சொல்லைச் சொல்லலாம் என்றால், தலைமேல் வைத்த அந்தக் கைகள் எதற்கு? ஆரோன் என்ற பெயரே நமக்கு எண்ணாகமத்தை நினைவூட்டுகிறது.

உங்கள் ஊர் உபதேசியார் "நம்" என்றுதான் கூறியிருப்பார். அவருக்கு ஒழுங்கு தெரியும். வங்கி வேலை அவரைக் கெடுத்திருக்காது.

ராயப்பேட்டை வெஸ்லியன் (திங்கள், மாலை 6.30)

வங்கியை இரண்டாம் முறையாக இழுத்துவிட்டார். ஐயா ஒரு முறை கடன் கேட்டு வந்து, ஆவணம் போதாததால் நான் திருப்பி அனுப்பியது 1998-ஆம் ஆண்டில். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த வட்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது போலும்.

சொல்லுக்கு வருகிறேன். நான் "நம்" என்றே கூறினேன். ஒரு பேச்சுக்கு "உங்கள்" என்று கூறியிருந்தாலும் அதில் என்ன குற்றம்? 2 கொரிந்தியர் 13:14-இல் பவுல் எழுதியது "உங்களனைவரோடுங்கூட இருப்பதாக" என்பதே. வேதத்தில் உள்ளதை உள்ளபடி வாசிப்பது பிழையாகி, அதை மாற்றிச் சொல்வது ஒழுங்காகிவிட்டது; இதுவே ஐயாவின் வேத அறிவு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்க, மெதடிஸ்டு, ஐக்கிய சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மெதடிஸ்டுப் போதகர்களையும் ஐக்கிய சபைப் போதகர்களையும் மறுபடி பட்டம் கொடுக்காமலே ஏற்றுக்கொண்டார்கள். அன்று வேப்பேரிப் பக்கத்து ஆங்கிலிக்கர் சிலருக்கு உறுத்திய அந்த முள் இன்னும் எடுபடவில்லை. எங்கள் பாட்டனார் பட்டம் பெறாத பிரசங்கியாராகச் சைக்கிளில் போய் மூன்று இடங்களில் பிரசங்கித்தவர்; மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழியே அதுதான்.

ஜன்னலோர மூன்றாம் பெஞ்சு (திங்கள், மாலை 6.48)

"நான் கூறவில்லை, கூறியிருந்தாலும் சரியே." பக்கத்து வீட்டுக்காரர் பானையை ஏன் உடைத்தாய் என்று கேட்டால், நான் வாங்கவே இல்லை, வாங்கும்போதே அது உடைந்திருந்தது என்று சொன்னவனின் வாதம் இது. கூறாதவருக்கு வசன ஆதாரம் எதற்குத் தேவைப்படுகிறது?

பவுல் அப்போஸ்தலர். நீங்களும் அப்போஸ்தலர் என்றால் அதையும் அடுத்த மடலில் போடுங்கள். 1947-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் தத்தம் சபையில் முறைப்படி பட்டம் பெற்றிருந்த போதகர்கள். ஞாயிறு முறைப் பட்டியலில் பெயர் எழுதப்பட்டவர்கள் அல்லர். அன்றிலிருந்து புதிதாகக் குருப்பட்டம் கொடுப்பது பேராயரே என்று ஏற்றுக்கொண்டதில் உங்கள் வெஸ்லியர்களும் கையெழுத்திட்டார்கள்.

கடன் விவகாரத்தில் ஆவணம் போதவில்லை என்பது பொய். ஒரு நகல்தான் குறைந்தது.

பெரம்பூர் புதுவரவு (திங்கள், இரவு 8.15)

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த ஏழு மாதத்தில்தான் என் திருமணமும் நிச்சயமானது. மூன்று ஞாயிறு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும்; பதிவேட்டில் கையெழுத்திட ஆயர் வேண்டும்; பொறுப்பு ஆயருக்கு அதே தேதியில் தம் சபையில் இரண்டு திருமணங்கள் இருந்தன. ஆகையால் மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தை இழந்து ஜனவரிக்குத் தள்ளிவைத்தோம். இனி ஒரு முறை இப்படி நேர்ந்தால், பொறுப்பு ஆயரின் நாட்களை முன்கூட்டியே அறிவிக்கக் குருசேகரக் குழு ஏதேனும் ஏற்பாடு செய்யுமா? குழுவில் உள்ளவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

ராயப்பேட்டை வெஸ்லியன் (திங்கள், இரவு 8.32)

வாழ்த்துகள் தம்பி. பார்த்தீர்களா ஐயா, இதுதான் உண்மையான குறை. நீங்களோ ஓர் எழுத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

ஜன்னலோர மூன்றாம் பெஞ்சு (திங்கள், இரவு 8.41)

"இம்மியளவும் குறை நேரவில்லை" என்று அச்சில் எழுதியவரே "உண்மையான குறை" ஒன்று உண்டு என்று இப்போது தம் கைப்பட எழுதிவிட்டார். அனைவரும் இதைக் குறித்துக்கொள்ளவும்.

தமிழில் நாம் என்றால் கேட்பவரும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. "நம் அனைவரோடும்" என்று சொல்லும்போது சொல்கிறவரும் கைநீட்டிப் பெறுகிறவராகச் சபையோடு நிற்கிறார். "உங்கள்" என்றதும் அவர் மட்டும் கொடுக்கிறவராகிப் படிமேல் ஏறிவிடுகிறார். ஆயர் ஏறலாம், அதற்காகவே அவரை ஏற்றியிருக்கிறார்கள். ஆயர் இல்லாத வீட்டில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். ஆயர் அங்கி அணியும் அறையான வெஸ்ட்ரியின் சாவி ஏழு மாதமும் யாரிடம் இருந்தது என்பதையும் சபை அறியும்.

ராயப்பேட்டை வெஸ்லியன் (திங்கள், இரவு 9.05)

சாவி என்னிடம் இருந்தது, ஏனென்றால் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் திறக்க வேறு எவரும் முன்வரவில்லை. ஐயா வருவது இரண்டாம் பாட்டுக்கு. அறுப்புப் பண்டிகை ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை என்மீது ஏட்டிக்குப் போட்டியாக ஏற்றிவிட்டு, கடைசியில் எடுக்காமல் நழுவியவரும் அவரே. அந்தப் பழம் என் தலையில் விழுந்தது. பணத்தையும் நான்தான் கட்டினேன்.

ஆல்ட்டோ அக்கா (திங்கள், இரவு 9.40)

இன்னொன்றையும் சொல்லிவிட்டு நான் போகிறேன். பதிவைத் தேடியபோது திருவருகை முதல் ஞாயிறு ஆராதனையும் கிடைத்தது. நம் புதிய ஆயர், முறைப்படி பட்டம் பெற்றவர், முழு அங்கியில் திருப்பீடத்தின் முன் நின்று இரு கைகளையும் உயர்த்தி, "நம் அனைவரோடும் இருப்பதாக" என்றார். அன்று கீபோர்டு தம்பி பொறுமையாக இருந்ததால் தெளிவாகக் கேட்கிறது.

ஜன்னலோர மூன்றாம் பெஞ்சு (திங்கள், இரவு 9.58)

ஆயர் தாழ்மையினால் கீழே இறங்கலாம். அது அவருடைய சிறப்பு. கீழே இருப்பவர் ஏறுவது அதற்குச் சமமாகாது. முதல் ஞாயிறு என்பதால் அவருக்குப் பதற்றமும் இருந்திருக்கலாம். அவரிடம் நான் தனியே பேசிக்கொள்கிறேன். ஆகஸ்டு இரண்டாம் ஞாயிறு கூறப்பட்டது "உங்கள்".

ராயப்பேட்டை வெஸ்லியன் (திங்கள், இரவு 10.02)

"நம்".

நெல்லைப் பேரன் (திங்கள், இரவு 10.10)

எலுமிச்சம்பழம் எவ்வளவுக்குப் போயிற்று என்று யாராவது சொல்ல முடியுமா?

ஜன்னலோர மூன்றாம் பெஞ்சு (திங்கள், இரவு 10.14)

ஏலத்தில் நான் நழுவவில்லை. மூன்று தரம் சொல்லும் முன்பே மணியை அடித்துவிட்டார்கள். மணியை அடித்தவர் யார் என்பதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

பெரம்பூர் புதுவரவு (செவ்வாய், காலை 7.20)

பொறுப்பு ஆயரின் நாட்கள் பற்றிக் கேட்டிருந்தேன்.