பல சராசரிகளை ஒப்பிடுகையில் ‘மாற்றுக் கருதுகோள்’: சொல்லும் தொடரும்

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘null hypothesis’ என்பதற்கு முன்வைக்கப்பட்ட சூனியக் கருதுகோள், சுழியக் கருதுகோள், இன்மைக் கருதுகோள் ஆகிய மூன்றில் என் வாக்கு இன்மைக்கே. சுழியம் என்றதும் சராசரியே பூச்சியம் என்று மாணவர் எண்ணிவிடுகிறார். இங்கே இல்லை என்று கொள்ளப்படுவது வேறுபாடு. புள்ளியியலாளர் ஃபிஷர் 1935இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு நூலில், இக்கருதுகோளை ஒருபோதும் நிறுவ முடியாது, தகர்க்க மட்டுமே இயலும் என்று தெளிவாக எழுதினார். ஆகவே ‘இன்மைக் கருதுகோளை ஏற்கிறோம்’ என்ற வாய்பாட்டை நம் பாடங்களிலிருந்து நீக்கியே ஆக வேண்டும். ‘மறுக்கப் போதிய சான்று இல்லை’ என்பதே சரி.

எனக்குக் கவலை, இன்மைக் கருதுகோள் பொய்யென்றால் எது உண்மை என்று சொல்லும் மாற்றுக் கருதுகோள் (alternative hypothesis) மீதுதான். ‘எதிர்க் கருதுகோள்’ என்ற பரிந்துரை வேண்டாம். எதிர்த்திசை என்ற பொருள் ஒட்டிக்கொள்ளும். ‘மாற்று’ என்பதே இருக்கட்டும். ஆனால் அதைத் தொடராக எழுதும்போது வழுக்குகிறோம். குழுக்கள் இரண்டே என்றால் ‘சராசரிகள் சமமல்ல’ என்று முடித்துவிடலாம். மூன்று குழுக்கள் வந்ததும் ‘எல்லாச் சராசரிகளும் சமமல்ல’ என்கிறோம். எந்த இரண்டும் சமமல்ல என்பதா, எல்லாமே சமம் என்பது பொய் என்பதா? தமிழில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. நமக்கு வேண்டியது இரண்டாவது மட்டுமே.

ஃபிஷர் 1936இல் பயன்படுத்திய ஐரிஸ் மலர்த் தரவையே பாருங்கள். செடோசா, வெர்சிகலர், வெர்ஜினிகா என மூன்று இனங்கள், இனத்துக்கு 50 மலர்கள். புல்லிவட்ட இதழின் சராசரி நீளம் முறையே 5.006, 5.936, 6.588 செ.மீ. இவை கண்ணெதிரே வேறுபடுகின்றன. இவற்றைப் பற்றிக் கருதுகோள் எதற்கு? கருதுகோள் பேசுவது அந்த 150 மலர்களும் வந்த முழுமைத்தொகுதிகளின் (population), அதாவது அந்தந்த இனத்து மலர்கள் அனைத்தின், சராசரிகளைப் பற்றி. ‘முழுமைத்தொகுதி’ என்ற சொல் இல்லாமல் இதை எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குழுக்களுக்கு இடையிலான சிதறலைக் குழுக்களுக்கு உள்ளான சிதறலோடு ஒப்பிடும் எஃப் மதிப்பு இத்தரவில் ஏறத்தாழ 119. கட்டின்மைப் படிகள் (degrees of freedom) 2, 147. இன்மைக் கருதுகோள் நிற்காது. ஆனால் எந்த இனம் எதிலிருந்து வேறுபடுகிறது என்று இந்த எண் சொல்வதில்லை. அதற்கு இணை இணையாகப் பார்க்கும் தனிச் சோதனைகள் வேண்டும். சோதனை சொல்லாததை மாற்றுக் கருதுகோளில் ஏற்றக் கூடாது.

‘ஒரு சராசரியேனும் மற்றவற்றிலிருந்து வேறுபடும்’ என்று நண்பர் ஒருவர் முன்மொழிந்தார். நான்கு சராசரிகள் 10, 10, 20, 20 என்று இருந்தால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடி இருக்கிறது; மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்பது எதுவும் இல்லை. ஆயினும் இன்மைக் கருதுகோள் பொய்தான். எனவே என் பரிந்துரை: ‘குறைந்தது இரு முழுமைத்தொகுதிச் சராசரிகளேனும் தம்முள் வேறுபடும்.’

*

வணக்கம் ஐயா.

‘தம்முள்’ என்ற சொல் முடிச்சை அவிழ்த்துவிட்டது. முழு உடன்பாடு. 10, 10, 20, 20 எடுத்துக்காட்டைப் பதிவின் விளக்கத்திலேயே சேர்க்க வேண்டும்.

இரண்டு திருத்தங்கள். இலங்கையில் ‘சூனியக் கருதுகோள்’ வேரூன்றிய வழக்கு. அதைப் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளைத் தவிக்கவிட முடியாது. தலைச்சொல்லாக இன்மையை வையுங்கள், இணைச்சொல்லாகச் சூனியமும் நிற்கட்டும். ‘variance’ என்பதற்கு மாறற்றிறன், பரவற்படி இரண்டையும் அப்படித்தானே சேர்த்தோம்?

அடுத்தது, ‘வேறுபடும்’ என்பது இனி நடக்கப்போவதைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. கருதுகோள் இப்போதுள்ள நிலையைப் பற்றிய கூற்று. ‘வேறுபடுகின்றன’ என்று நிகழ்காலத்திலேயே எழுதுவோம். இன்மைக் கருதுகோளும் அதற்கேற்ப ‘முழுமைத்தொகுதிச் சராசரிகள் அனைத்தும் சமமாக இருக்கின்றன’ என்றாகட்டும். மறுப்பு இல்லையென்றால் இந்த வடிவிலேயே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.