சீனாவில் இருக்கிற குவாங்சோவுக்கு ஹாங்காங் வழியாகப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருப்பூர் பட்டன்:
குவாங்சோவில் நடக்கிற கேன்டன் ஃபேர் என்ற வர்த்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு ஹாங்காங்கின் வெஸ்ட் கவுலூன் ரயில் ஸ்டேஷன் தெரிந்திருக்கும். ஒரே கட்டடத்துக்குள் ஹாங்காங் இமிக்ரேஷன், அதைத் தாண்டினால் சீன இமிக்ரேஷன். அந்த இரண்டாவது வரிசையில் எனக்கு முன்னால் நம்ம ஊர்க்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும். ஃபேருக்கு நடுவில் ஹாங்காங்கில் யாரையோ பார்க்க வந்துவிட்டுக் குவாங்சோ திரும்புகிறார். அதிகாரி விசா பக்கத்தைப் பிரித்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். நுழைவு: 01, அதாவது ஒரே ஒரு தடவைதான் உள்ளே வரலாம். ஹாங்காங் போனாலே சீனாவை விட்டு வெளியேறிய கணக்கு என்று அவருக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் சொல்லவே இல்லை. "ரூம் அங்க இருக்கு சார், சாம்பிள் பெட்டி அங்க இருக்கு" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு, ஓட்டல் ரூம் கார்டை எடுத்து கவுன்டரில் வைத்தார். அதிகாரி அந்தக் கார்டை மெதுவாக அவர் பக்கமே தள்ளினார். நான் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. என் ரயிலுக்கு கேட் மூடும் நேரம், போய்விட்டேன். அந்த அண்ணன் அப்புறம் என்ன செய்திருப்பார் என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. இப்படி மாட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மண்ணடி ஹார்டுவேர்:
அதனால்தான் சொல்கிறேன், ஹாங்காங் பக்கமே போகாதீர்கள். 2020இல் நின்ற நேரடி விமானம் 2025 அக்டோபர் 26 முதல் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்குத் திரும்ப வந்துவிட்டது. அடுத்த மாதமே டெல்லியிலிருந்தும் விட்டார்கள். இல்லையென்றால் சென்னையிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் எதிலாவது மாறி நேராக குவாங்சோவின் பையுன் ஏர்போர்ட்டில் இறங்குங்கள்.

ஆனால் ராத்திரி இறங்காதீர்கள். நாங்கள் இறங்கியபோது மெட்ரோ முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒருவன் "டாக்ஸி, டாக்ஸி" என்று அப்பா தள்ளிவந்த டிராலியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டான். அப்பா விடவில்லை, அவனும் விடவில்லை. நான் சத்தம் போட்டதும் சீருடை போட்ட ஒரு பெண் ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டு, மீட்டர் டாக்ஸி வரிசை வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார். அப்பா அதற்குப் பிறகு சீனா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பகலில் இறங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. மூன்றாம் எண் மெட்ரோ ஏர்போர்ட்டுக்கு உள்ளேயே வருகிறது, கெசுன் ஸ்டேஷனில் எட்டாம் எண்ணுக்கு மாறினால் ஃபேர் வாசல்.

பினாங்கு அக்கா:
மண்ணடித் தம்பி, ஹாங்காங்கே வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஹாங்காங் ஏர்போர்ட்டுக்குள்ளேயே ஃபெரி, அதாவது பயணிகள் படகு, இருக்கிறது. 2023இல் குவாங்சோவின் பாசோ துறைமுகம் திறந்த பிறகு ஏர்போர்ட்டிலிருந்து அங்கேயே கொண்டுபோய் விடுகிறார்கள். பாசோவில்தான் ஃபேரே நடக்கிறது. டிராலியும் வேண்டாம், டாக்ஸிக்காரனும் வேண்டாம்.

விமானத்தைவிட்டு இறங்கியதும் எல்லோரும் போகிற இமிக்ரேஷன் பக்கம் போகக்கூடாது. அதைத் தாண்டிவிட்டால் இந்த ஃபெரியில் ஏறமுடியாது. ஃபெரி டிரான்ஸ்ஃபர் என்று போட்ட பலகையைப் பார்த்துப் போங்கள். பாஸ்போர்ட், பேக்கேஜ் டேக் இரண்டையும் அங்கே கேட்பார்கள். அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் பெட்டி வராது, போர்டிங் பாஸில் ஒட்டிக் கொடுப்பதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஃபெரி நாளுக்குச் சிலதான் ஓடுகிறது, ஷென்சென் பக்கம் ஷெக்கோவுக்குப் போவது அதிகம். உங்கள் விமானம் தாமதமானால் ஷெக்கோ போய், அங்கிருந்து தரை வழியாகக் குவாங்சோ போவதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் போனபோது கவுன்டர் பையன் என் டேக் எண்ணை வாக்கிடாக்கியில் படித்தான், அந்தப் பக்கம் பதில் இல்லை, மறுபடி படித்தான். பெட்டியில் என் மாமியாரின் மருந்து மொத்தமும் இருந்தது. ஃபெரி ஏற்றும் நேரத்தில்தான் "ஓகே" என்று பதில் வந்தது.

தூத்துக்குடி தம்பி:
அக்கா, நீங்கள் மலேசியப் பாஸ்போர்ட். உங்களுக்கும் சிங்கப்பூர்க்காரர்களுக்கும் 30 நாள் விசாவே வேண்டாம். எங்களுக்குச் சீன விசா தனி, ஹாங்காங்குக்குள் கால் வைக்க ஆன்லைன் முன்பதிவு தனி. ஒரே வழி எல்லோருக்கும் ஒத்துவராது.

எனக்குச் சிக்கல் பெயரில் வந்தது. பாஸ்போர்ட்டில் எனக்கு சர்நேம் கட்டம் காலி, நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் அப்பா பெயரைச் சேர்த்துவிட்டார். அங்கே பாஸ்போர்ட்தான் டிக்கெட். குவாங்சோ சவுத் ரயில் ஸ்டேஷனில் ஆள் நிற்கிற கேட்டில் நீட்டினேன், அந்த அம்மா திரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், பின்னால் நூறு பேர். கடைசியில் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அப்பா பெயரைக் காட்டினேன். எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்த்து உள்ளே விட்டார். டிக்கெட்டை நீங்களே 12306 என்ற சீன ரயில்வே ஆப்பில் பாஸ்போர்ட் பார்த்துப் போடுங்கள்.

ஈரோடு ஜவுளி:
பட்டன் அண்ணே, நீங்கள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. என் மாமாவுக்கு இதே வெஸ்ட் கவுலூனில் இதேதான் நடந்தது. அன்று ராத்திரி ஹாங்காங்கில் சுங்கிங் மேன்ஷன் என்ற விடுதிகள் நிறைந்த கட்டடத்தில் ரூம் எடுத்துத் தங்கினார். குவாங்சோவில் எங்களுக்குச் சரக்கு பார்க்கிற சீனப் பெண் ஓட்டலில் பேசி ரூமைக் காலி செய்து, மாமா போனில் சொல்லச் சொல்ல ஃபேரில் கடை கடையாகப் போய் ஆர்டர் பேசி முடித்தார். மாமா ஹாங்காங்கிலிருந்தே ஊர் திரும்பினார். பெட்டியைக் கூரியரில் ஹாங்காங்குக்கு வரவழைத்தோம்.

திருப்பூர் பட்டன்:
நல்லது தம்பி. சாம்பிள் எல்லாம் வந்து சேர்ந்ததா?

ஈரோடு ஜவுளி:
துணி, பட்டன், ஜிப் எல்லாம் வந்தது. பேட்டரி இருந்த சாமானைக் கூரியர்காரர் வாங்க மறுத்துவிட்டார், அதை அந்தப் பெண்ணிடமே விட்டுவிட்டோம். எல்லாவற்றுக்கும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம், அதை வைத்துத்தான் ஆர்டர் உறுதி செய்தோம்.