மறு: ‘ஹெடோனிக்’ விலை முறை: ‘தன்மைவாரி மதிப்பீடு’ சரிவருமா?

> ‘இன்பவிலை’ என்றே வைக்கலாமே? கிரேக்க மூலத்துக்கு இன்பம் என்றுதானே பொருள்?

வணக்கம் ஐயா.

ஒரு பொருளின் விலையை அதன் ஒவ்வொரு தன்மைக்கும் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் ‘ஹெடோனிக்’ முறைக்குத்தானே நிலத்தை வைத்துத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ‘இன்பவிலை’ மூலத்துக்குப் பொருந்தும், நிலத்துக்குப் பொருந்தாது. மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரி மாணவர் ஒருவர் கேள்வித்தாளோடு மேலூர்ப் பக்கம் போய், “உங்கள் வயலின் இன்பவிலை என்ன?” என்று கேட்டால் களத்துமேட்டிலேயே சிரித்து அனுப்பிவிடுவார்கள்.

‘ஹெடோனிக்’ என்ற அந்தப் பெயரே 1939இல் கார் விலையை ஆராய்ந்த ஆண்ட்ரூ கோர்ட் வைத்தது. முறை அதற்கும் மூத்தது. 1922லேயே மினசோட்டாவில் ஹாஸ் என்பவர் பண்ணை நிலங்களின் விற்பனை விலையை எடுத்துக்கொண்டு, விளைச்சலுக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு, நகரத் தொலைவுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துவிட்டார். காருக்கு வைத்த பெயரை நிலம் ஏன் சுமக்க வேண்டும்?

நம் ஊரில் கிரயம் பேச வருகிறவர் கேட்பதெல்லாம் இதே கேள்விகள்தான். நஞ்சையா புஞ்சையா, கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் நிற்குமா, வண்டிப்பாதை உண்டா அல்லது அடுத்தவர் வரப்பில்தான் நடக்கணுமா. ஆய்வாளர் அவற்றைச் சமன்பாட்டில் போடுகிறார், அவ்வளவுதான்.

> அப்படியானால் ‘கூறுவாரி மதிப்பீடு’?

‘வாரி’ நல்ல ஒட்டு. ரயத்துவாரி, கிராமவாரி என்று வருவாய்த்துறையில் பழகிய சொல். இடிப்பது ‘கூறு’. நிலம் என்று வந்துவிட்டால் கூறு என்பது பங்கு; அண்ணன் தம்பி பாகம் பிரித்த கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். ‘தரவாரி’யும் முடியாது. கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் மண்ணுக்கு ‘தரம்’ என்று ஏற்கெனவே ஒரு கலம் இருக்கிறது, நிலத்தீர்வையும் அதை ஒட்டியே போட்டது. மிஞ்சுவது ‘தன்மை’. ஆகவே என் பரிந்துரை ‘தன்மைவாரி மதிப்பீடு’.

சொல் தாங்குகிறதா என்று ஒரு ஆய்வுத் தலைப்பில் ஏற்றிப் பார்ப்போம். மதுரைப் பக்கத்துப் பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம். கள்ளந்திரிக்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும், மண் பெரிதாக மாறாத வயல்களை எடுத்து ஏக்கர் விலையை ஒப்பிட்டால் இரண்டாவது போகத்துத் தண்ணீருக்கு மட்டும் சந்தை என்ன கொடுக்கிறது என்று தெரியவரும். ‘கள்ளந்திரி மதகின் இருபுறமும் நஞ்சை நிலத்தின் தன்மைவாரி மதிப்பீடு’. முதுகலை மாணவருக்கு அளவான வேலை. நகரம் நெருங்கி வரும் பக்கத்தை மட்டும் கவனமாக ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் வயல் விலையோடு பிளாட் விலையும் கலந்துவிடும்.

> விலைத் தரவுக்கு எங்கே போவது? பத்திரத்தில் இருப்பது உண்மை விலை இல்லையே.

சரியான கேள்வி, சொல்லைவிட இதுதான் எனக்குக் கவலை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதில் ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என இரண்டு கலங்கள். பின்னதில் சந்தையைத் தேடாதீர்கள், அது பெரும்பாலும் பதிவுக்காக அரசு வைத்த வழிகாட்டி மதிப்பு. முன்னதையும் முத்திரைத் தீர்வைக்குப் பயந்து அதை ஒட்டியே எழுதிவிடுகிறார்கள். அந்த எண்களைச் சமன்பாட்டில் போட்டால் கிடைப்பது வழிகாட்டி மதிப்பு போட்ட அதிகாரியின் மனக்கணக்கு. வாங்கினவர் கணக்கு வராது.

இது ஆய்வுக்கூடத்து வருத்தம் மட்டுமில்லை. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, சுற்றுவட்டாரத்து மூன்றாண்டு விற்பனைப் பத்திரங்களில் விலை கூடிய பாதியை எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்கிறது. பத்திரத்தில் குறைத்து எழுதிய ஊரில் நாலுவழிச் சாலைக்கு நிலம் போனால், அந்தக் குறைந்த எண்கள்தான் இழப்பீட்டுக் கணக்கில் வந்து உட்காரும்.

குத்தகையை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அதற்குப் பெரும்பாலும் பத்திரம் கிடையாது, ஆனால் மறைக்கவும் காரணம் குறைவு. நான்காம் ஆண்டில் கிராமத் தங்கல் திட்டத்துக்குப் போகும் வேளாண் மாணவர்கள், விளைச்சலில் பங்கு தரும் வாரமா, ரொக்கமா, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிவிடலாம். அதற்கு ‘தன்மைவாரி குத்தகை’ என்றாலே போதும்.

அப்புறம், ஒவ்வொரு தன்மைக்கும் பிரிந்து வரும் தொகைக்கு ‘உள்விலை’ என்று வைத்திருக்கிறேன்: தண்ணீரின் உள்விலை, பாதையின் உள்விலை. இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள். ‘நிழல்விலை’ மட்டும் வேண்டாம், பொருளியல் பாடநூல்களில் அது வேறு கருத்துக்குப் போய்விட்டது.