இஸகாயாவில் கேட்காத கிண்ணத்துக்கு 400 யென்: அடுத்த வாரம் டீமோடு போகிறேன், என்ன தெரிந்திருக்க வேண்டும்?

டோக்கியோ_புதுசு:
வேலைக்காக டோக்கியோ வந்து மூன்று வாரம் ஆகிறது. போன சனிக்கிழமை ஷின்ஜுக்கு பக்கம் ஒரு சின்ன இஸகாயாவுக்கு (குடியும் கூடவே சாப்பாடும் கிடைக்கும் ஜப்பானியக் கடை) தனியாகப் போனேன். வாசலில் சிவப்புக் காகித விளக்கு, உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்தால் இடம் முடிந்தது. உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு ஒன்றும் சின்னக் கிண்ணத்தில் ஏதோ கீரையும் வைத்தார்கள். சும்மா தருகிறார்கள் போல என்று சாப்பிட்டுவிட்டேன், பில்லில் பார்த்தால் அதற்கு 400 யென்! சண்டை போடலாம் என்றால் மொழி வேண்டுமே. சுற்றுலாக்காரன் என்று நினைத்து ஏமாற்றினார்களா?

இப்போது அடுத்த வியாழக்கிழமை டீமில் எட்டுப் பேர் சேர்ந்து இஸகாயா போகிறோம். நான் குடிப்பதில்லை, மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை, கோழி, மீன் பரவாயில்லை. வராமல் இருந்தால் தப்பாக நினைப்பார்களா, வந்தால் எதைச் சாப்பிடுவது?

கவுன்டர்_ஓரம்:
ஏமாற்று இல்லை நண்பரே. அதன் பெயர் ஓதோஷி, ஒசாகா பக்கம் போனால் த்ஸுகிதாஷி என்பார்கள். உட்காரும் இடத்துக்கான கட்டணத்தைத் தின்னக்கூடிய வடிவில் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தலைக்கு 300 முதல் 500 யென் வரை, ஜப்பானியர்களும் கொடுக்கிறார்கள். தவிர இங்கே டிப்ஸ் கிடையாது. கணக்கு அப்படித்தான் நேராகிறது என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன். சில கடைகளில் முதலிலேயே சொன்னால் ஓதோஷி இல்லாமல் விடுவார்கள், ஆனால் எட்டுப் பேர் மேசையில் நீங்கள் மட்டும் அதைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

மற்றபடி இஸகாயா என்பது ஒரே ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் இடம் இல்லை. எல்லாம் சின்னச் சின்னத் தட்டு, நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வது, இரண்டு மூன்றாகச் சொல்லி, தீர்ந்ததும் அடுத்ததைச் சொல்வது. முதலில் பானம்தான் கேட்பார்கள், பலரும் மெனுவைத் திறக்காமலே "தொரியாஎஸு நாமா" என்று பீரைச் சொல்லிவிடுவார்கள், அதாவது இப்போதைக்கு ஒரு ட்ராஃப்ட் பீர். எல்லார் கையிலும் கிளாஸ் வந்து "கம்பாய்" (நம் "சியர்ஸ்" மாதிரி) சொல்லும்வரை யாரும் வாய் வைக்கமாட்டார்கள், அதை மட்டும் தவறவிடாதீர்கள். ஆளைக் கூப்பிட மேசையில் பட்டனோ டேப்லெட்டோ இருக்கும், இல்லையென்றால் சத்தமாக "சுமிமாசேன்!" ("எக்ஸ்கியூஸ் மீ" மாதிரி) என்று குரல் கொடுங்கள். அங்கே அது மரியாதைக்குறைவு இல்லை, மெல்லக் கூப்பிட்டால் யாருக்கும் கேட்கப்போவதுமில்லை.

ஊலாங்_ஆசாமி:
நானும் குடிப்பதில்லை, ஆறு வருஷமாக இந்தக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஊலாங் டீ கேளுங்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஒரு விஷயம்: "ஊலாங் சா" என்றால் வெறும் டீ, "ஊலாங் ஹை" என்றால் அதே டீயில் ஷோச்சு என்ற ஜப்பானியச் சாராயம் கலந்தது. நிறம், கிளாஸ், ஐஸ் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எட்டுப் பேருக்குப் பானம் வரும்போது மாறிப்போவது சகஜம், எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது, முகர்ந்து பார்த்துவிட்டுக் குடியுங்கள். ஹோப்பி என்று பீர் போல ஒன்று இருக்கும், பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும், ஆனால் அதிலேயே 0.8 சதவீதம் ஆல்கஹால், கூடவே கலந்து குடிக்க ஷோச்சுவும் வரும்.

குழுவாகப் போனால் அநேகமாக நோமிஹோதாய் எடுப்பார்கள், அதாவது ஒரே கட்டணத்தில் 90 அல்லது 120 நிமிஷத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். பல கடைகளில் மேசையில் உள்ள அத்தனை பேரும் எடுத்தாக வேண்டும் என்பது விதி. கடைசியில் பில்லைச் சமமாகப் பிரிப்பார்கள், அதற்கு வாரிகான் என்று பெயர். நாலு டீ குடித்துவிட்டு மற்றவர்களின் பீருக்கும் சேர்த்துக் கொடுக்கும்போது வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்யும்.

கவுன்டர்_ஓரம்:
அது எல்லா இடத்திலும் இல்லை. எங்கள் ஆபீஸில் ஏற்பாடு செய்கிறவரிடம் நேரத்தோடு சொன்னால் குடிக்காதவர்களுக்குக் குறைத்து வாங்குவார். முன்பதிவு செய்வதும் அவர்தான், சாப்பாட்டு விஷயத்தையும் அவரிடமே இப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் பாவம் அவர்தான் தவிப்பார்.

தாஷி_தவிர்ப்பவள்:
பன்றி எங்கே ஒளிந்திருக்கும் என்று நான் சொல்கிறேன். கியோசாவில் (மோமோ மாதிரி) இருக்கும். உருளைக்கிழங்கு சாலடில் ஹாம் துண்டு இருக்கும். "நிகோமி" (குழம்பாக வேகவைத்தது) என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் மாட்டுக் குடலோ பன்றிக் குடலோதான். குச்சியில் கோத்துச் சுடும் யாகிதோரி என்றால் கோழி என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது, ஹொக்கைதோவின் முரோரான் ஊரில் அந்தப் பெயரில் பன்றியைத்தான் சுடுவார்கள். "புதா" பன்றி, "கியூ" மாடு, இரண்டுக்குமான எழுத்துகளைப் போனில் படமாக வைத்துக்கொண்டால் மெனுவில் சட்டென்று கண்ணில் படும். கோழியில் நெகிமா (இறைச்சியும் வெங்காயத்தாளும் மாறி மாறிக் கோத்தது), கராகே (பொரித்த கோழி), மீனில் சாஷிமி (பச்சை மீன் துண்டுகள்) என்று உங்களுக்கு நிறையவே இருக்கிறது. குச்சியில் சுட்டதற்கு உப்பா சாஸா என்று கேட்பார்கள், என் கணவர் எப்போதும் உப்பு என்றுதான் சொல்வார்.

எனக்குத்தான் திண்டாட்டம், நான் சுத்த சைவம். தோஃபு (சோயா பனீர்) என்று ஆசையாகக் கேட்டால் மேலே மீன் சீவல் தூவி வரும், பொரித்த தோஃபுவின் மேல் ஊற்றும் குழம்பிலும் மீன் சாறுதான். நான் எதமாமே (வேகவைத்த பச்சை சோயா), வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு ஃப்ரை என்று ஓட்டிவிடுவேன், வீட்டுக்கு வந்து தயிர்சாதம்.

டோக்கியோ_புதுசு:
எல்லாருக்கும் நன்றி, நேற்றுப் போய்விட்டு வந்துவிட்டேன். ஏற்பாடு செய்தவரிடம் செவ்வாய்க்கிழமையே சொன்னதால் எனக்கென்று தனியாகக் கோழியும் கானாங்கெளுத்தியும் சொல்லி வைத்திருந்தார். ஊலாங்கை முகர்ந்துதான் குடித்தேன், பக்கத்தில் இருந்தவர் வாசனை எப்படி என்று கேட்டார். ஓதோஷி மட்டும் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை போல, கிண்ணத்தில் பன்றி. எதிரே இருந்த மேனேஜர் பக்கம் நகர்த்தினேன், இரண்டையும் தின்றுவிட்டு இன்னும் யாராவது சாப்பிடாமல் வைத்திருக்கிறீர்களா என்று பார்த்தார்.