ஆர்வி-7 விமானத்துத் தரைக்கு என்ன போட்டீங்க? பாதம் விறைக்குது

வால்சக்கரம்:
வணக்கம் மக்களே, மினசோட்டால இருக்கேன், கிட் வாங்கி நானே கராஜ்ல கட்டின ரெண்டு சீட்டு குட்டி விமானம், ஆர்வி-7. ஜனவரில ஹீட்டரை முழுசா திறந்தாலும் முட்டிக்கு மேல வேர்க்குது, பாதம் மட்டும் ஐஸ்கட்டி, வீட்டுக்காரம்மா ரெண்டு சாக்ஸ் போட்டும் தாங்காம இனிமே ஏப்ரல்ல கூப்பிடுங்கன்னுட்டாங்க. கால் வைக்கிற எடம் வெறும் அலுமினியத் தகடு, அதுக்குக் கீழ ஆகாயம்தானே. வீட்டு வேலைக்கு வாங்கின ஸ்ப்ரே ஃபோம் ரெண்டு டின் மிச்சம் இருக்கு, அடிச்சு விட்டுடவா?

ரிவெட்டு_ராசா:
அய்யா அந்த டின்னைக் கீழ வைங்க மொதல்ல. அது பாலியூரித்தேன், பத்திக்கிச்சுன்னா சயனைடு வாயு வரும், அந்த சின்ன கேபின்ல எங்க ஓடுவீங்க? அதோட தகட்டுல ஒருதடவை ஒட்டிட்டா உள்ள தண்ணி நின்னு அரிச்சாலும் தெரியாது, வருஷாவருஷம் பண்ற இன்ஸ்பெக்‌ஷன்ல எதைத்தான் பாப்பீங்க.

க்ளோஸ்டு செல் ஃபோம் (தண்ணி உறிஞ்சாத வகை) வாங்கி ஸ்டிஃப்னர்களுக்கு, அதான் தகட்டை விறைப்பா வைக்கிற பட்டைகளுக்கு நடுவுல பொருந்துற மாதிரி வெட்டி சும்மா வைங்க, பசை வேண்டாம், மேல கார்பெட்டை வெல்க்ரோல புடிக்க வச்சா போதும். எதை வாங்கினாலும் ஒரு துண்டை இடுக்கில புடிச்சு வெளிய நின்னு லைட்டர் காட்டுங்க. நான் மொதல்ல நினைச்சது கேம்பிங்ல விரிச்சுப் படுக்கிற ஃபோம் பாய், 3 செகண்ட்ல சொட்டுச் சொட்டா எரிஞ்சுக்கிட்டே தரைல விழுந்துச்சு. அடுத்து காட்டுன துண்டு கருகுச்சு, நெருப்பை எடுத்ததும் தானா அணைஞ்சுடுச்சு, அதைத்தான் போட்டிருக்கேன்.

டெக்சாஸ்_பறவை:
எனக்கு அப்படியே தலைகீழ், ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு) ஒட்டி தரை சுடும், எக்ஸாஸ்ட் பைப் அடியிலேயே போகுதுல்ல. உள்ள ஃபாயில் ஒட்டிப் பாத்தேன், வேஸ்ட். ஃபாயில் முன்னாடி காத்து இடைவெளி இருந்தாதான் சூட்டைத் திருப்பி அனுப்பும், தகட்டுக்கும் கார்பெட்டுக்கும் நடுவுல நசுங்கிக் கிடந்தா அதுவும் இன்னொரு தகடுதான். கடைசில வெளிப்பக்கம் பைப்புக்கு நேரா ஒரு ஸ்டெயின்லெஸ் தகட்டை அரை இஞ்ச் இடைவெளி விட்டு மாட்டினேன், இப்ப செருப்போட தாராளமா வைக்கலாம். நீங்க என்ன ஃபோம் போட்டாலும் அந்த முன் பகுதில மட்டும் போடாதீங்க.

ரிவெட்டு_ராசா:
சரியாச் சொன்னீங்க. ஆனா வால்சக்கரம், உங்க குளிர் பாதி ஓட்டை வழியா வருதுன்னுதான் எனக்குத் தோணுது. 1000 அடிக்கு சுமார் 2 டிகிரி செல்சியஸ் இறங்கும், 8000 அடில வெளிய எவ்ளோன்னு பாத்துக்கோங்க, அந்தக் காத்து ஒரு விரல் சந்துல வந்தாலே ஹீட்டர் தோத்துடும். ராத்திரி உள்ள லைட்டைப் போட்டுட்டு வெளிய மல்லாக்கப் படுத்துப் பாருங்க, றெக்கைல இருக்கிற ஃப்ளாப், ஐலரான் மடக்குகளை அசைக்கிற ராடு நுழையுற எடம் எல்லாம் பளிச்சுன்னு தெரியும். அந்த ஓட்டைல எக்ஸாஸ்ட் புகையும் வரலாம், கார்பன் மோனாக்சைடு அலாரம் வச்சிருக்கீங்கல்ல?

வால்சக்கரம்:
இருக்குங்க. நேத்து ராத்திரி படுத்துப் பாத்தேன், ரெண்டு ஃப்ளாப் ராடு ஓட்டையும் நிலா மாதிரி தெரியுது. 😂 லெதர்ல உறை தைக்கணும், வீட்டுல மெஷின் இருக்கு, கேட்டா அவங்களே தைச்சுத் தர்றேன்றாங்க. ஃபோம் டின்னை பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டேன்.