கன்வெர்டிபிள் டிபெஞ்சர் (கம்பெனிக்கு நாம் கொடுக்கும் கடனுக்கான பத்திரம், வட்டி வரும், பின்னால் பங்காக மாறும்) இப்போது யாராவது வாங்குகிறீர்களா?

பொள்ளாச்சிக்காரன்:
தேங்காய் விற்ற பணத்தை எதிலாவது போடலாம் என்று அப்பாவைக் கோவையில் ஒரு புரோக்கர் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். "பாதி பங்கா மாறுமே, அந்த டிபெஞ்சர் புதுசா வந்திருக்குங்களா?" என்றார். அந்தத் தம்பி கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, திரையை அப்படியே அப்பா பக்கம் திருப்பினான். "ஒண்ணுமே இல்லீங்கய்யா." எண்பதுகளில் அதில் வந்த லாபத்தில்தான் தோட்டத்தில் போர் போட்டோம். மியூச்சுவல் ஃபண்டு வந்ததும் இதைக் கேட்க ஆளில்லை போலிருக்கிறது.

ஈரோட்டுக் கணக்கர்:
ஃபண்டு காரணமே இல்லை. 1992 வரை புது வெளியீட்டின் விலையை முடிவுசெய்தது டெல்லியிலிருந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர். சந்தை விலையைவிட வெகு குறைவாகப் பங்கு கைக்கு வந்தது. வட்டி வெறும் கொசுறு. 1989இல் எல் அண்ட் டி 820 கோடிக்கு இந்த டிபெஞ்சரை வெளியிட்டபோது எங்கள் தெருவில் விண்ணப்பம் போடாத வீடு குறைவு. அந்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியதும் கம்பெனிகளே விலை வைத்தன, அந்த லாபம் போயிற்று. அப்புறம், பங்காக மாறாத மிச்சத்தை என் மாமா முகமதிப்புக்கு, அதாவது பத்திரத்தில் அச்சிட்ட தொகைக்கு, கீழே விற்றுவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

பொள்ளாச்சிக்காரன்:
கொசுறு என்று சொல்லாதீர்கள். அப்பா காத்திருந்தது தபாலில் செக் மாதிரி வரும் அந்த வட்டி வாரண்டுக்குத்தான்.

திருப்பூர் அம்மணி:
எங்களுக்கு இப்போதும் வந்தது. வீட்டுக்காரருக்குத் தெரிந்த நிட்டிங் கம்பெனி முதலாளி பேப்பரோடு வந்தார். கட்டாயம் பங்காக மாறும் டிபெஞ்சராம். கம்பெனியோ பங்குச்சந்தையில் லிஸ்ட் ஆகாதது. "பங்கா மாறுனதுக்கப்புறம் அதை யார்கிட்டங்க விக்கிறது?" என்று கேட்டேன். காபியைக் குடித்து முடித்தார், பேப்பரை மடித்துப் பையில் வைத்தார். பதிலே சொல்லவில்லை.

ஈரோட்டுக் கணக்கர்:
அம்மணி, அவர் ஏன் அதைக் கொண்டுவந்தார் தெரியுங்களா? பத்து வருடத்துக்குள் கட்டாயம் பங்காக மாறும் டிபெஞ்சர், கம்பெனிகளுக்கான 2014 டெபாசிட் விதிகளின்படி டெபாசிட் ஆகாது. டெபாசிட் வாங்கும் கம்பெனிக்கு உள்ள கெடுபிடி எதுவும் இல்லாமல் அவருக்குப் பணம் கிடைக்கும். உங்களுக்கு வரும் வட்டியோ மற்ற வருமானத்தோடு சேர்ந்து, ஸ்லாபுக்குத் தகுந்த வரி விழும். பங்காக மாறும்போது வரி இல்லை, சரி. ஆனால் போட்ட பணம் பணமாகத் திரும்பாது. பங்காக மாறும் விலையை எப்படிக் கணக்கிடுவார்கள், எந்தத் தேதியில் மாறும், பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் போட்டார்களா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடவே வேண்டாம்.

திருப்பூர் அம்மணி:
நாங்கள் போடலீங்கண்ணா. வரியைப் பற்றியும் நான் கேட்கவில்லை. லிஸ்ட் ஆகாத கம்பெனிப் பங்கை வெளியாளிடம் விற்றவர்கள் யாராவது இருந்தால், எப்படி விற்றீர்கள் என்று எழுதுங்கள்.