ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் (ரெசிடென்ஸ் கார்டு வரும்வரை ஜெர்மனியில் தரும் தற்காலிகச் சான்று) தாளோடு சால்ஸ்பர்க், பிராக் போய்வந்தவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். ஒரு வருட எக்ஸ்சேஞ்ச் படிப்புக்காக மியூனிக் வந்திருக்கிறேன். வார நாட்கள் லேப், நூலகம், மென்சா (பல்கலைக்கழக உணவகம்) சாப்பாடு என்று ஓடிவிடுகின்றன. சனிக்கிழமை ஆனால் அறையில் இருப்புக் கொள்ளாது. டாய்ச்லாண்ட் டிக்கெட்டை (ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு) வைத்தே ரேகன்ஸ்பூர்க், நியூரம்பெர்க், பாசாவ் பார்த்தாயிற்று. பாசாவில் மூன்று நதிகள் கூடும் முனையில் நின்றால், இன் நதியின் வெளிர்பச்சைத் தண்ணீர் டான்யூபோடு உடனே கலக்காமல் தனிக்கோடாக ஓடுவது தெரியும். போகாதவர்கள் கட்டாயம் போங்கள்.

அடுத்து ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். அதுவரை அதே டிக்கெட் செல்லும். சிக்கல் விசாவில்தான். என் டி விசா (நீண்ட நாள் தங்குவதற்கான நுழைவு விசா) முடியப்போகிறது, ரெசிடென்ஸ் கார்டு இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் தாள்தான் கிடைக்கும் போல. திரும்பும் ரயிலில் போலீஸ் சோதனை வேறு உண்டு.

அந்தத் தாளில் ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81ஆவது பிரிவின் 4ஆம் உட்பிரிவு குறிக்கப்பட்டிருந்தால் வெளியே போய்த் திரும்பலாம், 3 என்றால் கூடாது என்று படித்தேன். அதோடு பாஸ்போர்ட், காலாவதியான விசா இரண்டையும் காட்டச் சொன்னார்களா? தயவுசெய்து சொந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், கேள்விப்பட்டதை நம்பிப் போக பயமாக இருக்கிறது.

இன்னொன்று: பிராக்கிலிருந்து ஞாயிறு இரவு பஸ் ஏறினால் திங்கள் காலை எட்டு மணி வகுப்புக்கு வந்து சேர முடியுமா?